போர்க்காலப் படை அதிகரிப்பு பலன் தருகிறதா என்று கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹட்டனில் உயர்தரத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கும் விவாத அணிகளுக்கும் நான் அடிக்கடி கொடுக்கும் பயிற்சி இது. ஒரு அரசு போரின் நடுவில் இன்னும் பல்லாயிரம் படையினரைக் களத்துக்கு அனுப்புகிறது. அதனால் பலன் உண்டா, இல்லையா? புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். விடையை முதலில் மனதில் எழுதிவிட்டு, அதற்குத் தோதான எண்ணைத் தேடப் போவார்கள். தேடினால் கிடைக்கும். எந்தப் போரிலும் எந்தக் கட்சிக்கும் தோதான ஒரு எண் கிடைக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். படிகளை மாற்றிப் போட்டால் கணக்கு உங்கள் விருப்பத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

உதாரணத்துக்கு 2007இல் அமெரிக்கா ஈராக்கில் படையைக் கூட்டியதை எடுத்துக்கொள்கிறேன். தரவு நிறைய வெளிவந்திருக்கிறது. தொடக்கமும் முடிவும் தெளிவாக இருக்கின்றன. இன்னொரு காரணம், அது நம் வீட்டுப் போர் அல்ல. இரு தரப்பும் வானொலியில் சொன்ன இழப்புக் கணக்குகளைக் கேட்டு, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் போரில் தொடங்கினால் பத்து நிமிடத்தில் வகுப்பு இரண்டாகும். முறையைத் தூரத்துப் போரில் பழகிவிட்டு அப்புறம் வீட்டுக்கு வரலாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, படை அதிகரிப்பை அறிவித்த உரையின் முழு வாசகம். செய்திச் சுருக்கம் போதாது. சுருக்கத்தில் எண் இருக்கும், நோக்கம் காணாமல் போயிருக்கும்.

இரண்டாவது, மாதவாரியான எண்கள், குறைந்தது இரண்டு இடங்களிலிருந்து. ஒன்று போரிடும் தரப்பின் கணக்கு, மற்றது அந்தத் தரப்பின் சம்பளத்தில் இல்லாதவர்களின் கணக்கு. ஈராக்குக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் எண்களும், ஊடகச் செய்திகளைச் சேர்த்துப் பொதுமக்கள் இறப்பைப் பதிந்த ஈராக் பொடி கவுண்ட் என்ற அமைப்பின் எண்களும் உண்டு.

மூன்றாவது, மாகாண எல்லைகளும் தலைநகரின் வட்டாரங்களும் தெரியும் வரைபடம். நான்காவது, படையோடு சம்பந்தமில்லாத சம்பவங்களும் அடங்கிய நாட்குறிப்பு: யார் யாரோடு உடன்பட்டார், யார் போர்நிறுத்தம் அறிவித்தார், எங்கே எது குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது என்று.

ஒரு சிஆர் கொப்பி போதும். மாதத்துக்கு ஒரு வரி. அட்டவணையைப் படை அறிவிக்கப்பட்ட மாதத்தில் தொடங்காதீர்கள். அதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பிருந்து தொடங்குங்கள். ஈராக்குக்கு 2006 ஜனவரி. காரணம் ஐந்தாம் படியில் தெரியும்.

2. எண்ணைத் தொடும் முன் வாக்குறுதியை எழுதுங்கள்

ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் 2007 ஜனவரி 10ஆம் திகதி ஆற்றிய உரையை எடுங்கள். 20,000க்கும் மேற்பட்ட மேலதிகப் படையினர். பெரும்பாலானோர், அதாவது ஐந்து பிரிகேட் (ஒரு பிரிகேட் என்பது சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு), பக்தாத்துக்கு. 4,000 கடற்படைக் காலாட்கள் அன்பார் மாகாணத்துக்கு. எதற்காக? தலைநகர மக்களைப் பாதுகாத்தால் ஈராக் அரசுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் பிரிந்து நிற்கும் தரப்புகள் அரசியல் உடன்பாட்டுக்கு வரலாம் என்பது அந்த உரையின் தர்க்கம். நவம்பருக்குள் எல்லா மாகாணங்களின் பாதுகாப்பையும் ஈராக் அரசு பொறுப்பேற்கத் திட்டமிட்டிருக்கிறது, எண்ணெய் வருமானத்தைப் பங்கிடச் சட்டம் வரும், அந்த ஆண்டிலேயே மாகாணத் தேர்தல் நடக்கும் என்றும் சொல்லப்பட்டது.

இதைக் கொப்பியில் இரண்டு நிரலாகப் பிரியுங்கள். இடப்பக்கம் வழி: வன்முறை குறைவது. வலப்பக்கம் இலக்கு: உடன்பாடு, சட்டங்கள், தேர்தல், பொறுப்பை ஒப்படைத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே சொல்லப்பட்ட காலக்கெடு.

இந்தப் படியில்தான் ஒரு பிள்ளை கேட்கும்: “சேர், செத்தவங்க தொகை குறைஞ்சா வெற்றிதானே?” இடப்பக்கத்தில் வெற்றிதான். அந்த உரையே அதை வழி என்றுதான் சொன்னது. வலப்பக்கத்தைப் பார்க்காமல் விட்டால், அறிவித்தவர் தனக்குத்தானே வைத்த பரீட்சையில் பாதி வினாத்தாளைக் கிழித்துப் போட்ட மாதிரி ஆகும்.

அப்புறம் அதே பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதுங்கள்: “எதைப் பார்த்தால் இது பலிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வேன்?” பேனையை மூடும் முன் எழுத வேண்டும். எண்களைப் பார்த்தபின் எழுதினால் அந்த வரிக்கு மதிப்பில்லை.

3. படை உண்மையில் எப்போது வந்தது என்று குறியுங்கள்

அறிவிப்பு ஒரு நாள், வந்து சேர்வது பல மாதம். பக்தாத் பாதுகாப்புத் திட்டம் 2007 பெப்ரவரி 14ஆம் திகதி தொடங்கியது. பிரிகேட்கள் மாதத்துக்கு ஒன்றாக வந்து, ஐந்தாவது ஜூனில்தான் முழுமையாக நிலைகொண்டது. மொத்த அமெரிக்கப் படை அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ 170,000 என்ற உச்சத்தைத் தொட்டது. கூடுதலாக வந்த பிரிகேட்கள் 2008 ஜூலைக்குள் திரும்பிவிட்டன.

அட்டவணையில் அறிவிப்பு, முழு வருகை, திரும்பல் என்று மூன்று கோடு போடுங்கள். ஏப்ரலிலேயே “தோல்வி” என்றவர்களும் “வெற்றி” என்றவர்களும் பாதி வந்த படையைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

இதே படியில் இன்னொன்றையும் குறிக்க வேண்டும். தொகை மட்டும் கூடவில்லை, முறையும் மாறியது. ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ் பெப்ரவரியில் ஈராக்கில் படைத் தளபதியாகப் பொறுப்பேற்றபின், பெரிய முகாம்களுக்குள் இருந்த படையினர் வட்டாரங்களுக்குள் சிறு நிலையங்களில் ஈராக்கியப் படையோடு சேர்ந்து தங்கத் தொடங்கினார்கள். ஆகவே நீங்கள் அளப்பது ஆள் தொகையையா, முறையையா? இந்த உதாரணத்தில் இரண்டையும் முழுதாகப் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

4. எந்த எண், எதைச் சொல்லும்?

நேரம் அதிகம் எடுக்க வேண்டிய படி இது.

சொந்தப் படையின் இழப்பு. எல்லாரும் முதலில் தேடுவது இதைத்தான். ஆரம்ப மாதங்களில் இதைப்போல ஏமாற்றும் எண் வேறில்லை. முகாமை விட்டு வீதிக்கு இறங்கிய படை அதிகம் சாகும். திட்டம் பலித்தாலும் அப்படித்தான், பலிக்காவிட்டாலும் அப்படித்தான். 2007 மே மாதம் ஈராக்கில் 126 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். டிசம்பரில் 23 பேர். ஆண்டு மொத்தம் 904. அந்தப் போரின் எந்த ஆண்டிலும் அமெரிக்கா அத்தனை பேரை இழக்கவில்லை. மே மாத எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் ஒன்று, டிசம்பரை மட்டும் வைத்து எழுதினால் அதற்கு நேர் எதிரான மற்றொன்று. படையின் மொத்தத் தொகையும் மாறுவதால், ஆயிரம் படையினருக்கு எத்தனை இழப்பு என்றும் ஒரு நிரல் போடுங்கள்.

கொல்லப்பட்ட எதிரிகளின் தொகை. இதை நான் அட்டவணையில் சேர்க்கவே விடுவதில்லை. எண்ணுகிறவருக்கே அதனால் பாராட்டு கிடைக்கிறது; இறந்தவர் போராளியா பக்கத்து வீட்டுக்காரரா என்று சரிபார்க்க ஆளில்லை. வியட்நாமில் அமெரிக்கா இந்த எண்ணை நம்பியே ஆண்டுக்கணக்கில் முன்னேற்றம் அறிவித்தது. 1968 ஜனவரி இறுதியில் எதிரிகள் நாடு முழுதும் ஒரே நேரத்தில் நடத்திய டெட் தாக்குதல் வந்தபோது அந்த அறிவிப்புகளின் தரம் தெரிந்தது.

பொதுமக்கள் இறப்பு. மக்களைப் பாதுகாப்பதே வழி என்று உரை சொன்னதால் இடப்பக்கத்தின் தலையாய எண் இதுதான். ஈராக் பொடி கவுண்ட் பதிந்தபடி 2006இல் ஏறத்தாழ 29,000, 2007இல் ஏறத்தாழ 26,000, 2008இல் ஏறத்தாழ 10,000. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால் 2007இல் பெரிதாக எதுவும் நடக்கவில்லை போலத் தெரியும். மாதவாரியாகப் பிரித்தால்தான் முதல் பாதியின் கொடுமையும் கடைசி மாதங்களின் இறக்கமும் தனித்தனியே தெரியும். மாதத்துக்கு ஒரு வரி என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

இந்த எண்ணோடு இடம்பெயர்ந்தோர் தொகையையும் சேர்த்தே வாசியுங்கள். ஒரு வட்டாரத்தில் கொலை குறைந்தது பாதுகாப்பு வந்ததாலா, கொல்லப்பட இருந்தவர்கள் ஓடிவிட்டதாலா? ஓடியவர்கள் திரும்பி வந்தார்களா என்பது அதைவிட நல்ல கேள்வி.

வாழ்க்கையின் விலை. பக்தாத்தில் 2007 ஏப்ரலில் அதமியா வட்டாரத்தைச் சுற்றி உயரமான கொங்கிரீட் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். குண்டு வாகனமும் கொலைக் கும்பலும் உள்ளே வருவதைச் சுவர் தடுக்கும். உள்ளே இருப்பவர் வெளியே போக வேண்டுமானால் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்க வேண்டும். குண்டு குறைந்ததை ஒரு நிரலில் எழுதினால் வரிசையை இன்னொரு நிரலில் எழுதுங்கள். வரிசையில் நின்றே வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுத மறப்பதுதான் வழக்கம்.

எண்ணுகிறவர் யார்? ஒவ்வொரு நிரலின் தலையிலும் இதை எழுதுங்கள். ஆப்கானிஸ்தானில் நேட்டோ தலைமையிலான படை 2012இல் எதிரித் தாக்குதல்கள் 7 வீதம் குறைந்ததாக முதலில் சொன்னது. 2013 தொடக்கத்தில், பதிவில் பிழை நடந்துவிட்டது, உண்மையில் குறையவே இல்லை என்று திருத்தியது. கொஞ்ச நாளில் அந்த எண்ணை வெளியிடுவதையே நிறுத்தியது. பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே இடத்திலிருந்து வரும் எண்ணில் தீர்ப்பைக் கட்டாதீர்கள் என்றுதான் அர்த்தம்.

5. எதோடு ஒப்பிடுகிறீர்கள்?

மிக மோசமான மாதத்தை அடிப்படையாக வைத்தால் அடுத்த எல்லா மாதமும் முன்னேற்றம்தான். 2006 பெப்ரவரி 22ஆம் திகதி சமாராவில் அல்-அஸ்கரி பள்ளிவாசல் தகர்க்கப்பட்டபின் சுன்னி-ஷியா கொலைகள் பெருகி, அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் பக்தாத் மிகக் கொடூரமான நிலையில் இருந்தது. உச்சத்துக்கு ஏறிய எண் படை வந்தாலும் வராவிட்டாலும் ஓரளவு இறங்கும் வாய்ப்புண்டு. ஆகவே பன்னிரண்டு மாதச் சராசரியை அடிப்படையாக வையுங்கள்.

பருவத்தையும் கவனியுங்கள். ஆப்கானிஸ்தானில் பனி உருகியபின்தான் சண்டை சூடு பிடிக்கும். அங்கே ஜூலையையும் ஜனவரியையும் ஒப்பிட்டு “குறைந்துவிட்டது” என்று எழுதுவது சிரிப்புக்கு இடமான பிழை, ஆனால் ஒவ்வொரு தொகுதி மாணவர்களிலும் யாராவது ஒருவர் செய்வார். கடந்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

6. வேறு காரணங்களை வரிசையாக நிறுத்துங்கள்

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு டிவிஷனில் பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) இருபது ஆளைக் கூட்டிப் போட்டார்கள், அந்த மாதம் கொழுந்து நிறை ஏறியது. ஆளால் ஏறியதா, மழை பெய்து கொழுந்து தள்ளியதால் ஏறியதா? ஆள் கூட்டாத பக்கத்து டிவிஷனின் நிறையைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஈராக்கில் மூன்று “மழைகள்” இருந்தன.

முதலாவது, அன்பாரின் சுன்னிப் பழங்குடிகள் அல்-கைதாவுக்கு எதிராகத் திரும்பியது. ரமாதியில் ஷேக் அப்துல் சத்தார் அபூ ரிஷா தலைமையில் அந்த அணி 2006 செப்டெம்பரில் உருவானது. புஷ் உரைக்கு நான்கு மாதம் முன்பு. பின்னர் இதேபோன்ற குழுக்கள் பல மாகாணங்களிலும் அமெரிக்கப் பணத்தில் அமைக்கப்பட்டன. ஆளுக்கு மாதம் சுமார் 300 டொலர், 2008இல் ஏறத்தாழ 100,000 பேர்.

இரண்டாவது, ஷியா தலைவர் முக்ததா அல்-சத்ர் 2007 ஆகஸ்ட் 29ஆம் திகதி தன் மஹ்தி படைக்கு அறிவித்த சண்டை நிறுத்தம்.

மூன்றாவது, பக்தாத்தின் கலப்பு வட்டாரங்கள் பல அதற்குள் ஒரே பிரிவினரின் வட்டாரங்களாக மாறிப்போயிருந்தது. சொல்லவே கசப்பான விளக்கம். துரத்த வேண்டியவர்களைத் துரத்தி முடித்ததால் கொலை குறைந்தது என்பது.

இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டு கேள்வி. முதலில் காலம்: இறக்கம் எந்தக் கோட்டுக்குப் பின் தொடங்கியது? அன்பாரில் பாதை திரும்பத் தொடங்கியது படை முழுதாக வருமுன். பக்தாத்தில் தெளிவான இறக்கம் படை முழுதாக வந்தபின். அடுத்து இடம்: மேலதிகப் படை போகாத இடத்தில் என்ன நடந்தது?

இரண்டாவது கேள்விக்கு தெற்கு ஈராக்கின் பஸ்ரா நகரத்தைப் பாருங்கள். பிரித்தானியப் படை 2007 செப்டெம்பரில் நகரின் அரண்மனை முகாமை விட்டு விமான நிலையத்துக்குப் போய்விட்டது. தம் மீதான தாக்குதல்கள் பெருமளவு குறைந்தன என்றார்கள். அதாவது, படை குறைந்த இடத்திலும் அந்த எண் இறங்கியது! ஆனால் நகரம் ஆயுதக் குழுக்களின் கையில் இருந்தது. 2008 மார்ச்சில் ஈராக்கிய இராணுவம் அதை மீட்கச் சண்டை போட வேண்டியிருந்தது. தாக்குதல் எண்ணிக்கை இறங்கினால் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று எழுதுபவர்களுக்கு நான் இந்த ஒரு நகரத்தைத்தான் காட்டுவேன்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழை ஒன்றும் உண்டு. “பழங்குடிகள்தான் காரணம், படை வெறும் வேடிக்கை” என்பது. 2006க்கு முன்பும் சில பழங்குடிகள் அல்-கைதாவை எதிர்த்துப் பார்த்தார்கள்; பாதுகாக்க ஆளில்லாமல் நசுக்கப்பட்டார்கள். பின்னர் எழுந்தவர்களுக்குப் பக்கத்தில் படை நின்றது. ஒன்று இல்லாமல் மற்றது அந்த அளவுக்குப் போயிருக்காது என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படும் விளக்கம். விவாத அணிகளுக்கு இது பிடிக்காது, ஒரு பக்கம் நின்று கத்த வசதிப்படாது.

7. வலப்பக்கத்துக்கு வாருங்கள்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2007 மே மாதம் ஈராக் அரசுக்கான 18 இலக்குகளைச் சட்டமாக்கியது. ஜூலையில் வெள்ளை மாளிகை அறிக்கை, எட்டில் முன்னேற்றம் திருப்தி என்றது. செப்டெம்பரில் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், மூன்று நிறைவேறின, நான்கு பகுதியாக நிறைவேறின, பதினொன்று நிறைவேறவில்லை என்றது.

ஒரே பட்டியல், இரண்டு தீர்ப்பு. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று உடனே முடிவு கட்டுவார்கள். கேள்வியைப் பாருங்கள்: ஒருவர் “போகும் திசை சரியா” என்று கேட்டார், மற்றவர் “போய்ச் சேர்ந்தாயிற்றா” என்று கேட்டார். நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்பதை நிரலின் தலையில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அப்புறம் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். சதாம் ஹுசைனின் பாத் கட்சியின் முன்னாள் உறுப்பினர்கள் தொடர்பான சட்டம் 2008 ஜனவரியில் நிறைவேறியது. எண்ணெய்ச் சட்டம் நிறைவேறவே இல்லை. 2007இலேயே என்ற மாகாணத் தேர்தல் 2009 ஜனவரி 31இல் நடந்தது. 2007 நவம்பரில் எல்லா மாகாணமும் ஒப்படைக்கப்படவில்லை. சுன்னிக் குழுக்களில் ஐந்தில் ஒரு பங்கினரைப் பாதுகாப்புப் படையில் சேர்ப்பதாகவும் மற்றவர்களுக்கு வேறு வேலை தருவதாகவும் சொல்லப்பட்டது. பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

8. எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது?

இதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். படை திரும்பியபின் ஒரு வருடம் என்பது நான் கொடுக்கும் அளவு. திரும்பியவுடன் எண் மீண்டும் ஏறினால், அதை அமுக்கி வைத்திருந்தது ஆள் தொகை மட்டுமே. ஈராக்கில் 2008 ஜூலைக்குப் பின்னும் இறப்பு குறைந்துகொண்டே போனது. இடப்பக்கத்துக்கு இது வலுவான சான்று.

2014 ஜூனில் மொசூல் நகரம் ஐ.எஸ். ஆயுதக் குழுவின் கையில் விழுந்ததைக் காட்டி “ஆகவே 2007 தோல்வி” என்பார்கள். இடையில் 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை முழுதாக வெளியேறியது, சிரியாவில் போர் வெடித்தது, பக்தாத் அரசு சுன்னித் தலைவர்களோடு மோதியது. இத்தனையையும் தாண்டி ஒரு கோடு இழுக்க முடியாது. ஆனால் வலப்பக்கத்தில் நிரம்பாமல் கிடந்த கட்டங்களுக்கும் 2014க்கும் தொடர்பில்லை என்றும் சொல்ல முடியாது.

9. தீர்ப்பை எழுதுதல்

நான்கு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். திகதி, வழி, இலக்கு, காரணத்தில் எவ்வளவு உறுதி. ஈராக்குக்கு என் தீர்ப்பு இது: “2008 இறுதியில் நின்று பார்த்தால் வன்முறை பெருமளவு குறைந்திருந்தது. அதில் மேலதிகப் படைக்குப் பங்குண்டு, ஆனால் பழங்குடிகளின் திருப்பம் இல்லாமல் அந்த அளவு குறைந்திருக்காது. அரசியல் இலக்குகளில் சில தாமதமாக நிறைவேறின, சில நிறைவேறவில்லை. முதல் வாக்கியத்தில் மிக உறுதி, இரண்டாவதில் ஓரளவு.” திகதி இல்லாத தீர்ப்பைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

10. கையோடு செய்ய ஒரு பயிற்சி

ஆப்கானிஸ்தானை எடுங்கள். ஜனாதிபதி ஒபாமா 2009 டிசம்பர் 1ஆம் திகதி 30,000 மேலதிகப் படையினரை அறிவித்தார். அதே உரையிலேயே 2011 ஜூலையில் திரும்பத் தொடங்குவார்கள் என்றும் சொன்னார். 2012 செப்டெம்பரில் அவர்கள் திரும்பி முடிந்தார்கள். மேலே சொன்ன வரிசையிலேயே போங்கள்; இரண்டு இடத்தில் மட்டும் கவனம். 2009இன் முற்பகுதியில் இன்னொரு படை அதிகரிப்பும் நடந்தது, அதனால் மூன்று கோடு போதாது. திரும்பும் திகதி முன்பே தெரிந்த எதிரி காத்திருக்கலாம் என்பதால், 2011இன் எந்த இறக்கத்தையும் இரண்டு விதமாக வாசிக்க இடமுண்டு. அந்த இரண்டு வாசிப்பையும் கொப்பியில் எழுதிவிட்டு, எதைப் பார்த்தால் ஒன்றைத் தள்ளுவீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். காபூல் தலிபான் கையில் விழுந்த 2021 ஆகஸ்ட் 15ஐ அட்டவணைக்குள் கொண்டுவராதீர்கள்; எட்டாம் படியில் நீங்கள் போட்ட காலக்கெடு அதற்கு வெகு முன்னாலேயே முடிந்திருக்கும்.